சங்குகுளிக்காரர் மகளின் மூச்சு

போன மாதம் காவியா போன் செய்தாள். நான் வேலை பார்த்த பிசியோதெரபி பிரிவில் இப்போது இருக்கிற இளம்பெண். "மேடம், நம்ம டிபார்ட்மெண்டுக்குப் புது மெஷின் வந்திருக்கு, ஒரு நட வந்து பாருங்களேன்" என்றாள். ரிட்டயர் ஆனவளுக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தால் சும்மா இருக்க முடியுமா? கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு மறுநாள் காலையிலேயே போய் நின்றுவிட்டேன்.

மெஷின் என்றால் ஒரு கேமராதான். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றால் போதும். மேடு சிவப்பாகவும் பள்ளம் நீலமாகவும் முதுகு முழுவதும் திரையில் வந்துவிடுகிறது. முதுகெலும்பு எங்கே வளைகிறது, எந்தத் தோள் ஏறியிருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது, எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் தெரிகிறது. "எப்படி மேடம்?" என்றாள் காவியா. "அம்சமா இருக்குளா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லாமலேயே நாங்கள், என்று ஆரம்பிக்கிற ஆட்களை எனக்கு ஆகவே ஆகாது. இந்த மெஷின் அன்றைக்கு இருந்திருந்தால் எனக்கு எத்தனையோ தலைவலி மிச்சமாகியிருக்கும்.

அந்தப் பிள்ளைகள் என்னையும் பிடித்து அதன் முன்னால் நிறுத்திவிட்டார்கள். "மேடம், உங்க வலது தோள் இறங்கிக் கிடக்கு" என்று ஒருத்தி சிரித்தாள். இறங்காமல் என்ன செய்யும்? சாப்பாட்டுத் தூக்கு, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாம் போட்ட பையை வாழ்நாள் முழுக்க அந்தத் தோளில்தானே மாட்டினேன். ஊர் முதுகையெல்லாம் நிமிர்த்தப் போனவளின் லட்சணம் இது.

டீ குடிக்கும்போதுதான் காவியா கேட்டாள். "மேடம், நீங்க பாத்த முதுகுலயே மறக்க முடியாத முதுகு யாரோடது? நம்ம ஆஸ்பத்திரி ஆண்டு மலருக்கு எழுதித் தாங்க." வாயால் சொல்லத்தான் பார்த்தேன். டீ ஆறியதுதான் மிச்சம், கதை முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது மதுரையில். எலும்புப் பெயர்களை மனப்பாடம் செய்ததும், ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டியதும், சனிக்கிழமை பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடி வந்து மீன் குழம்பைக் கண்டதும் கண் கலங்கியதும் தவிர அந்த வருஷங்களில் சொல்ல ஒன்றுமில்லை. தொழில் படித்தது தூத்துக்குடியில், பொன்ராஜ் சாரிடம்.

சார்தான் எங்கள் பிரிவின் தலைமை. குள்ளமான மனிதர். வெள்ளைக் கோட்டின் இடது பையில் டேப்பும் மை பென்சிலும் இருக்கும். வலது பையில் ஒரு தூண்டில் நரம்பும் அதன் நுனியில் கட்டிய ஈயக்குண்டும். மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கியது. முதுகு வளைந்த பிள்ளைகள் வந்தால் கழுத்துக்குக் கீழே இருக்கிற துருத்திய எலும்பில் அந்த நரம்பைப் பிடித்துத் தொங்கவிடுவார். குண்டு ஆடி நிற்கும் வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். அது பிட்டத்தின் நடுப்பிளவுக்கு நேராக நின்றால் நல்லது. வலதோ இடதோ விலகி நின்றால் எவ்வளவு விலகல் என்று பார்த்துக்கொள்வார். வலை விற்கிற கடைக்காரரிடம் எதற்கு என்று சொல்லித்தான் வாங்கினாராம். "மீனுக்குப் போட்டா மீன் வரும், முதுகுக்குப் போட்டா என்ன சார் வரும்?" என்று அந்த அண்ணாச்சி கேட்டதை சார் எங்களிடம் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தொடுவதற்கு முன் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்ப்பார். தேய்த்துவிட்டு முதலில் தன் கழுத்திலேயே வைத்துச் சூடு பார்ப்பார். "பச்சத்தண்ணி மாதிரி கைய வச்சா முதுகு சுருங்கும்மா. சுருங்குன முதுகு பொய் சொல்லும்" என்பார். பிறகு பிள்ளைக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கண் மட்டம் முதுகு மட்டத்துக்கு வரவேண்டும். கைகளைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகக் குனியச் சொல்வார். குனியும்போதுதான் ஒரு பக்க விலா மேடாக எழும்பித் தெரியும், மறுபக்கம் பள்ளமாகும். அவர் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டே இருப்பார். குனிந்த பிள்ளைகள் பயந்துபோய், "சார், இருக்கீங்களா?" என்று கேட்பார்கள். "இருக்கேன்ல, எங்க போயிரப் போறேன்" என்று பின்னாலிருந்து குரல் வரும்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. எங்கள் அறைக்குள் யாரும் 'நேரா நில்லு' என்று சொல்லக்கூடாது. சொன்னவர் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கித் தரவேண்டும். "நேரா நில்லுன்னு சொன்ன ஒடனே நிக்க முடியும்னா அந்தப் புள்ள எதுக்கும்மா இங்க வருது? அதுக்கு நேருன்னா எதுன்னே தெரியாது. அதோட நேரு அந்தக் கோணலுதான். எது நேருன்னு காட்டிக்குடு, கண்ணாடில காட்டு, கைய வச்சுக் காட்டு. சும்மா வாயால ஏவாத." புதிதாகச் சேர்ந்த நான் வாயைக் கட்ட முடியாமல் வாங்கி வாங்கி, பேக்கரி அண்ணாச்சியே ஒருநாள், "என்ன தாயி, வீட்ல எதும் விசேஷமா? தெனமும் வாங்குதிய?" என்று கேட்டுவிட்டார்.

வளைந்த முதுகுக்கு நாங்கள் கொடுத்த பயிற்சி எல்லோரும் நினைக்கிற மாதிரி கையைக் காலை ஆட்டுவது அல்ல. பெரும்பாலும் அது மூச்சு. பள்ளமான பக்கத்து விலாவுக்குள் மட்டும் மூச்சைக் கொண்டுபோகப் பழக வேண்டும். மேடான பக்கம் பேசாமல் இருக்கவேண்டும். அதற்கு அடியில் ஒரு சின்ன மூட்டையை அண்டைகொடுப்போம். முதலில் அரிசி போட்டுத் தைத்தோம், எலி தின்றது. மணல் போட்டோம், மழைக்காலத்தில் நசநசத்தது. கடைசியில் புளியங்கொட்டைதான் நிலைத்தது. மூச்சை வாங்கிப் பள்ளம் நிரம்பியதும், 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்ல விடவேண்டும். விடும்போதுதான் தசைகள் இறுகி அந்த நிமிர்ந்த உருவத்தைப் பிடித்துக்கொள்ளும். வேலையே விடுவதில்தான் இருக்கிறது. பார்க்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், செய்கிறவருக்கு வியர்த்துக் கொட்டிவிடும். இதனால் வளைவு நேராகிவிடும் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. வளர்கிற பிள்ளைகளுக்கு மேலும் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வோம்.

இனி ரோஸ்லின்.

ரோஸ்லினுக்கு ஊர் புன்னைக்காயல். ஒன்பதாம் வகுப்பு. அவளுடைய அம்மா லூர்து முதலில் சண்டைக்குப் போனது தையல்காரரிடம். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பக்கம் கீழ்விளிம்பு ஏறி ஏறி நிற்கிறது என்று பிரித்துத் தைக்கச் சொன்னாள். மறுபடியும் ஏறியது. மறுபடியும் சண்டை. தையல்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, "யக்கா, ஏந்தையல் சரியாத்தான் இருக்கு, நீ மொதல்ல புள்ளயப் பாரு" என்று கத்திவிட்டாராம். லூர்துவுக்கு வந்ததே கோபம். வீட்டுக்கு வந்து, அவன் சொன்னது பொய் என்று காட்டுவதற்காகத்தான் மகளைக் குனியவைத்துப் பார்த்திருக்கிறாள். வலது முதுகு மேடிட்டு நின்றது. அன்று இரவு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். நல்ல டாக்டர், ஆனால் சர்க்கரை தடவிப் பேசத் தெரியாதவர். "வளைவு ஆபரேஷன் விளிம்புல நிக்குது. புள்ள வளந்துக்கிட்டு இருக்கா. பிரேஸ் போடட்டும், பயிற்சி செய்யட்டும். ஆறு மாசம் கழிச்சுப் படம் எடுப்போம். ஏறியிருந்தா ஆபரேஷன்தான். அதுல பேச்சே இல்ல" என்று எங்களிடம் அனுப்பிவிட்டார்.

எங்கள் அறைக்குள் வந்ததும் லூர்து செய்த முதல் காரியம், மகளின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "நேரா நில்லுளா" என்றதுதான். "மக்ரூன்!" என்று சார் மூலையிலிருந்து கத்தினார். லூர்து திருதிருவென்று விழித்தாள். நான் விளக்கிச் சொன்னதும் அந்தப் பிள்ளை முதன்முதலாகச் சிரித்தது. அதுவரை புத்தகப்பையை முதுகோடு அணைத்துக்கொண்டு சுவரை விட்டு நகராமல் நின்றிருந்தது. முதுகை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே வெறும் பையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

சிரிப்பு வந்ததும் வாயும் திறந்தது. "டாக்டரம்மா, ஆபரேஷன் பண்ணா முதுகுல கம்பி வச்சிருவாங்களாமே, குனிய முடியாதாமே?" நான் டாக்டரம்மா இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்தக் கடற்கரையில் எடுபடாது. "அப்படியெல்லாம் முழுசா மரக்கட்டையா ஆயிர மாட்டாங்கட்டி. வேணும்னு வந்தா பண்ணித்தான் ஆகணும். வேணாம்னு ஆக்கத்தான் நாம பாக்கணும்" என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்பாகூட வள்ளத்துலருந்து நான் தலைகீழாக் குதிப்பேன். அது முடியாமப் போயிரும்லா?" என்றாள். அது முடியுமா முடியாதா என்று எனக்கும் தெரியாது. "மொதல்ல படுளா, மூச்சுப் பழகலாம்" என்று பேச்சை மாற்றினேன்.

சூசை, அதாவது அவளுடைய அப்பா, சங்குகுளிக்காரர். விடியுமுன் கடலுக்குப் போனால் மத்தியானம் கரைக்கு வந்துவிடுவார். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலமாகிவிட்டது, சங்கு இன்னும் இருக்கிறது. இப்போது வள்ளத்தில் காற்று மெஷின் வைத்து, குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். சூசை இளவயதில் வெறும் மூச்சிலேயே இறங்கியவர். ஊரில் அவருடைய மூச்சுக்கு ஒரு பேர் உண்டு. முதல் தடவை மகளோடு வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் கவனித்தார். நான் ரோஸ்லினுடைய இடது முதுகுப் பள்ளத்தில் கை வைத்து, "இங்கன மூச்ச நெறச்சுக் கொண்டு வா" என்று சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, மூச்சுதானா டாக்டரம்மா? அத எங்கிட்ட விடுங்க" என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. வீட்டில் ஒரு ஆள் அக்கறையாகக் கூட நின்றால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாரா வாரம் லூர்து மகளைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தாள். தூத்துக்குடி வெயிலில் அக்குள் முதல் இடுப்பு வரை இறுக்குகிற அந்த பிளாஸ்டிக் பிரேஸை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவதென்றால் சும்மாவா? வியர்வை உப்பாகிப் பூத்து, கழற்றும்போது உள்பனியன் அட்டை மாதிரி நிற்கும். ஆனாலும் அந்தப் பிள்ளை முணுமுணுத்ததே இல்லை. சொன்னதை எல்லாம் செய்தது. அப்படியிருந்தும் மூன்று மாதம் கழிந்தபோது சார் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, மேட்டின் மேல் சாய்வு காட்டுகிற குமிழி அளவுகோலையும் வைத்துப் பார்த்தார். மேடு கூடியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் கூடியிருந்தது. அதோடு இன்னொன்று. மூச்சு வாங்கு என்றதும் பிள்ளையின் இரண்டு தோளும் காது வரைக்கும் ஏறின. அது நாங்கள் சொல்லிக்கொடுத்தது அல்ல.

"வீட்ல ஒழுங்கா செய்யுதியாட்டி?" என்று கேட்டேன்.

"மாதா சத்தியமா செய்யுதேன். காலைலயும் செய்யுதேன், சாயங்காலமும் செய்யுதேன். அப்பா பக்கத்துலயே நின்னு எண்ணுதாங்க" என்றாள். கண்ணில் நீர் முட்டிவிட்டது.

சார் திரும்பிப் பார்த்தார். "எண்ணுதாரா? என்னத்த எண்ணுதாரு?"

"மூச்சத்தான்."

சார் என்னைப் பார்த்தார். "யம்மா ஸ்டெல்லா, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு உனக்கு வேற சோலி இருக்கா?"

சோலி இருந்தது. துவைக்கப் போட்ட துணி மலையாகக் கிடந்தது. இல்லை என்றேன்.

ஆத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் நானும் சாரும் புன்னைக்காயலில் போய் இறங்கி, கோயிலைத் தாண்டி, காய்கிற வலைகளை மிதிக்காமல் நடந்து ரோஸ்லின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஒரே கூட்டம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள், பெண்கள், வள்ளத்துக்காரர்கள் இரண்டு பேர். எனக்கு ஒரு கணம் நெஞ்சு பதறிவிட்டது, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று. எட்டிப் பார்த்தால், உள்ளே ரோஸ்லின் பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

வீட்டை சூசை எங்கள் டிபார்ட்மெண்டாகவே மாற்றியிருந்தார். தொங்குவதற்குக் கம்பி வேண்டும் என்று சொல்லியிருந்தோம், இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு துடுப்பைச் செருகி ஆணி அடித்திருந்தார். புளியங்கொட்டை மூட்டைக்குப் பதில் வலையில் கட்டுகிற மிதவையைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் வந்தது. அடுத்த நொடி ரோஸ்லினைப் பார்த்தேன். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, நெஞ்சு முன்னால் தள்ளி, தோள் காதைத் தொட, முகம் செம்பருத்தி மாதிரி சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்! சூசை மண்டியிட்டு, விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். "விடாத... விடாத மக்கா... இன்னும் கொஞ்சம்... அந்தோணியாரே, விட்டுராத..."

பிள்ளை 'ப்ஹா' என்று ஒரே அடியாக விட்டது. கூட்டம் கை தட்டியது.

சூசை எங்களைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். "வாங்க சார், வாங்க டாக்டரம்மா! பாத்தியளா? ஆரம்பத்துல ஒண்ணுமே நிக்காது. இப்பம் பாருங்க, இன்னும் கொஞ்ச நாள்ல என்னையவே முந்திருவா!"

மாதாவே, என்று தலையில் கை வைத்துவிட்டேன். சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. மூச்சை நிறைத்துக்கொள் என்று நாங்கள் சொன்னோம். சங்குகுளிக்காரர் வீட்டில் மூச்சை நிறைப்பது எதற்கு? அடக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போவதற்கு. வேறு எந்த ஊரிலும், வேறு எந்தத் தகப்பனுக்கும் இது தோன்றியிருக்காது. அவ்வளவு பெரிய மூச்சை வாங்கினால் எது எளிதாக விரியுமோ அந்தப் பக்கம்தான் விரியும். ஏற்கெனவே மேடான வலது பக்கம் இன்னும் மேடாகும். பள்ளம் பள்ளமாகவே கிடக்கும். காலையும் மாலையும், ஒரு வேளை தவறாமல், பாசத்தோடு, அந்த மேட்டைத்தான் அவர் வளர்த்துக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சார் கையைக் காட்டி என்னை அமர்த்தினார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்து, "சங்கு ஏலம் முடிஞ்சிட்டு, எல்லாரும் போயிட்டு வாங்க" என்று அனுப்பினார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நீங்க ஒருக்க முங்குத மூச்சு எடுங்க, பாப்போம்" என்றார். சூசைக்குப் பெருமை. சட்டையைக் கழற்றிவிட்டு எடுத்தார். அப்படி ஒரு மூச்சை நான் பார்த்ததில்லை. நெஞ்சு கதவு திறக்கிற மாதிரி திறந்தது. சார் கையைத் தேய்த்துச் சூடு பார்த்துவிட்டு அவர் முதுகின் இரு பக்கமும் வைத்தார். "அருமை. யம்மா, நீயும் வச்சுப் பாரு. இதுதான் கடலுக்குள்ள போற மூச்சு."

பிறகு கேட்டார். "அண்ணாச்சி, வள்ளம் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கி. ரெண்டு பக்கமும் ஒரேபோல பாரம் ஏத்துனா நிமிருமா?"

"எப்படி நிமிரும்? சாஞ்சது சாஞ்ச மேனிக்குத்தான் முங்கும். பாரம் கொறஞ்ச பக்கமாப் பாத்துல்லா ஏத்தணும்" என்றார் சூசை.

"ஒங்க மக முதுகும் அப்படித்தான் சாஞ்சு நிக்கி. நீங்க ரெண்டு பக்கமும் ஏத்துதிய."

சூசை மகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாந்தான் கெடுத்துட்டனா சார்?" அவ்வளவு பெரிய மூச்சுக்காரருக்குக் குரலே எழும்பவில்லை.

"கெடல. இன்னும் நாள் இருக்கு. எந்தத் தகப்பன் தெனமும் ரெண்டு நேரம் பக்கத்துல நிக்கான்? நீங்கதான் இதச் சரியாக்கப் போறிய" என்றார் சார்.

அன்றைக்கு மத்தியானம் முழுக்க வகுப்பு நடந்தது, மகளுக்கு அல்ல, தகப்பனுக்கு. அவருடைய கையை எடுத்து மகளின் இடது பள்ளத்தில் வைத்தேன். அந்தக் கை உயரும் அளவுக்கு மட்டும் மெல்ல மூச்சு. தோள் அசையக் கூடாது. நிறைந்ததும் அடக்கக் கூடாது, 'ஸ்ஸ்ஸ்' என்று விடவேண்டும். வாங்குவது அவருக்கு விளங்கிவிட்டது. விடுவதுதான் பிடிபடவில்லை. மகள் விட ஆரம்பித்ததுமே, "அதுக்குள்ளயா?" என்று பதறுவார். மகளுக்காக அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்! "அப்பா, மூச்ச விடுங்க, ஒங்க கை கல்லு மாதிரி இருக்கு" என்று ரோஸ்லின் கத்தினாள். லூர்து அடுப்படியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தாள். நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். சார் திருச்செந்தூருக்கு விரதம். ஆகவே அவர் பங்கையும் சேர்த்து நானே தின்றேன். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அதற்குப் பிறகு சூசை வாராவாரம் தானே மகளோடு வந்தார். கடலுக்கு ஒரு நாள் லீவு. எங்கள் அறையில் மற்ற பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அவர்தான் விளக்கம் சொல்வார். "யக்கா, புடிக்கப்படாது. விடணும். விடுததுலதான் சோலியே இருக்கு. நான் பட்டுட்டுச் சொல்லுதேன்." காயல்பட்டினத்திலிருந்து மகனைக் கூட்டி வந்த ஒரு அம்மா, இவரைத்தான் பெரிய டாக்டர் என்று நினைத்து, தன் முழங்கால் வலிக்கும் மருந்து கேட்டார். அதற்கும் ஏதோ சொல்லத்தான் பார்த்தார், நான்தான் தடுத்தேன்.

ரோஸ்லினுடைய தோள் காதை விட்டு இறங்கியது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, யாரும் கை வைக்காமலேயே இடது பள்ளத்தை மூச்சால் எழுப்பக் கற்றுக்கொண்டாள். புத்தகப்பையில் ஒருநாள் நிஜமாகவே புத்தகம் இருந்தது. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் திக்திக்கென்றுதான் இருந்தது. முதல் மூன்று மாதம் மேடு வளர்ந்தது வளர்ந்ததுதானே. பிந்தியது முந்தியதை ஈடு கட்டுமா? சாரிடம் கேட்டேன். "படம் சொல்லும்மா" என்றார். அவருக்கும் தெரியவில்லை.

படம் எடுக்கிற நாள் வந்தது. காலையிலிருந்து சூசை ஒரு டீ கூடக் குடிக்கவில்லை. எக்ஸ்ரே அறைக்குள் ரோஸ்லின் போனாள், கதவு சாத்தியது. நாங்கள் வெளியே நின்றோம். உள்ளேயிருந்து எக்ஸ்ரே எடுக்கிறவர் வழக்கமாகச் சொல்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்: "மூச்சப் புடிச்சுக்கோ!"

"புடிக்க மாட்டேன்!" என்று ரோஸ்லின் குரல் வந்தது.

"ஏ புள்ள, மூச்சப் புடி, அசையாத!"

"புடிக்கப்படாதுன்னு சொல்லிருக்காங்க!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. நான் கதவைத் தட்டி, "ரோஸ்லின், படத்துக்கு மட்டும் ஒரே ஒருக்க புடிச்சுக்கோட்டி, நான் சொல்லுதேன்" என்று கத்தவேண்டி வந்தது. "அப்பாட்ட கேளுங்க!" என்றாள் உள்ளேயிருந்து. சூசை கதவுக்கு வாயை வைத்து, "புடி மக்கா, ஒருக்க மட்டும்" என்றார்.

படத்தை எடுத்துக்கொண்டு எலும்பு டாக்டரிடம் போனோம். விளக்குப் பெட்டியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஸ்கேலை வைத்தார், பென்சிலால் ஒரு கோடு, இன்னொரு கோடு. அழித்துவிட்டு மறுபடியும் வைத்தார். அந்த மனிதருக்கு அவசரமே கிடையாது. நான் சாரைப் பார்த்தேன். சார் ஈயக்குண்டைப் பைக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தார். ரோஸ்லின் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறல" என்றார் டாக்டர். ஸ்கேலை மேஜையில் போட்டார். "இருந்த எடத்துலயே நிக்குது. ஆபரேஷன் இப்போ வேண்டாம். வளர்ச்சி நிக்கிற வரைக்கும் இதையே செய்யட்டும். என்ன செஞ்சீங்களோ, அதையே செய்யுங்க."

என் கண் மறைத்துவிட்டது. ரோஸ்லினைக் கட்டிக்கொண்டேன். சார் "நல்லது, நல்லது" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். சூசையிடமிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அப்படியே நின்றுகொண்டிருந்தார். நெஞ்சு முன்னால் தள்ளி, தோள் காது வரைக்கும் ஏறி, கன்னம் உப்பி, முகம் கருஞ்சிவப்பாக. டாக்டர் ஸ்கேலைக் கையில் எடுத்தபோது உள்ளே வாங்கிய மூச்சாக இருக்கவேண்டும். இத்தனை நேரமும் அதை விடவே இல்லை.

ரோஸ்லின் என்னை விட்டுவிட்டு அவரிடம் போனாள். அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தாள்.

"அப்பா" என்றாள், "ஏறலயாம்ப்பா. மூச்ச விடுங்க."

'ஸ்ஸ்ஸ்' என்று மெல்ல, நாங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அவர் விட்டார்.